புளிக்க வைக்கும் எவர்சில்வர் டிரம்மில் பழுப்புப் புள்ளிகள் ஏன் வருகின்றன?

காட்பாடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டில் கொம்புச்சாவும் (இனிப்புத் தேநீரைப் புளிக்க வைத்த பானம்) இஞ்சிப் பானமும் போடுவதற்காக, அடியில் குழாய் வைத்த 30 லிட்டர் எவர்சில்வர் டிரம் ஒன்றைப் பட்டறையில் சொல்லிச் செய்து வாங்கினாராம். '304' என்ற எவர்சில்வர் கிரேடு என்று சொல்லித்தான் கொடுத்தார்களாம். சில மாதங்களிலேயே அடித்தட்டில் பழுப்புப் புள்ளிகள், குழாய் வெல்டிங்கைச் சுற்றி ஒரு பழுப்பு வளையம், முதலில் பிடிக்கும் டம்ளரில் உலோக வாடை. விளிம்பில் காந்தம் லேசாக ஒட்டுகிறது. ஒவ்வொரு முறையும் போர் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கரைத்து, இரவு முழுக்க ஊறவிட்டுக் கழுவுகிறார். "ஏமாந்துவிட்டேனா? எவர்சில்வரில் குரோமியம் இருக்கிறதாமே, ராணிப்பேட்டைப் பக்கத்து ஆளுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே பயம். வெளிநாட்டில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள் வீடியோவில் சொல்லும் பராமரிப்பு நமக்குச் சரிப்படுமா?"

கேள்விகள் பல இருந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: துருப்பிடிக்காது என்று நம்பி வாங்கிய பாத்திரம் ஏன் துருப்பிடித்தது, இனி அதில் போட்டதைக் குடிக்கலாமா? பால் பதப்படுத்தும் ஆலைகளில் தொட்டி, குழாய், வால்வு பராமரிப்பில்தான் என் வேலைக்காலம் முழுக்கப் போனது. பாலுக்கும் கொம்புச்சாவுக்கும் குணம் வேறு. ஆனால் தகடு அதே தகடு, வெல்டிங் அதே வெல்டிங், ஊரும் இதே ஊர்தான். நீங்கள் எழுதியதை வைத்து என்ன நடந்திருக்கும் என்று ஓரளவு உறுதியாகவே சொல்ல முடியும். தகடு எந்த கிரேடு என்பதை மட்டும் எழுத்தையோ போட்டோவையோ பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அதற்குச் சோதனைதான் வழி.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். முதல் டம்ளரில் மட்டும் உலோக வாடை என்றால் என் சந்தேகம் டிரம்மின் மேல் இல்லை, குழாயின் மேல். கடைகளில் பளபளவென்று கிடைக்கும் குழாய்களில் பெரும்பாலானவை பித்தளை மேல் நிக்கலோ குரோமோ முலாம் பூசியவை. தண்ணீர் டிரம்முக்கு அது போதும். புளித்த பானம் ராத்திரி முழுக்க அந்தக் குழாயின் வயிற்றுக்குள் தேங்கி நின்றால், அமிலம் முலாம் விட்ட இடத்தில் செம்பைக் கரைக்கும். கடைசலுக்குச் சுலபமாக இருக்க வேண்டும் என்று பித்தளையில் 2, 3 சதவீதம் ஈயம் சேர்ப்பதும் உண்டு, அதுவும் சேர்ந்து வரும். குழாயைக் கழற்றி, உள்பக்க மரையைக் கத்தி நுனியால் சுரண்டிப் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் பித்தளை. பச்சையாகவோ நீலமாகவோ மாவு போலப் படிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். குழாயை மாற்றும்வரை அதிலிருந்து பிடித்துக் குடிக்காதீர்கள். இப்போது டிரம்மில் இருப்பதையும் கொட்டிவிடுங்கள். முழு எவர்சில்வர் குழாய், சிலிகான் வாஷர் என்று கேட்டு வாங்குங்கள். கறுப்பு ரப்பர் வாஷர் வேண்டாம்.

அடுத்து அந்தப் பழுப்புப் புள்ளிகள். எவர்சில்வரைக் காப்பது அதன் மேலே தானாகவே உருவாகும் குரோமியம் ஆக்சைடுப் படலம். மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் சில பங்குதான் அதன் கனம். கீறல் விழுந்தாலும் காற்றில் இருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மறுபடி மூடிக்கொள்ளும். இரும்பில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருந்தால்தான் இந்தப் படலம் நிலைத்து நிற்கும். இந்தப் படலத்துக்குப் பரம எதிரி குளோரைடு. உப்பில் இருப்பது அது, பிளீச்சிங் பவுடரில் இருப்பது அது, நம் ஊர் போர் தண்ணீரிலும் இருப்பது அதுதான். படலத்தில் ஒரு பலவீனமான புள்ளியைப் பிடித்து உள்ளே இறங்கிவிட்டால், அந்தக் குழிக்குள் ஆக்சிஜன் வராது, அமிலம் சேரும், குளோரைடு இன்னும் திரளும். மேலே பார்த்தால் ஊசி முனை அளவுதான். குழி உள்நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும்.

உங்கள் டிரம்மில் புள்ளிகள் பக்கச்சுவரில் இல்லாமல் அடித்தட்டில் மட்டும் வந்திருப்பதைக் கவனியுங்கள். பிளீச்சிங் பவுடர் முழுசாகக் கரையாது, அதிலிருக்கும் சுண்ணாம்பு அடியில் மண்டியாக உட்காரும். அந்த மண்டிக்குக் கீழே, காற்றுப் படாத இடத்தில், குளோரின் இரவு முழுக்கத் தகட்டோடு வேலை செய்கிறது. புள்ளி எங்கே வர வேண்டுமோ அங்கேதான் வந்திருக்கிறது. நல்ல 304 தகடாகவே இருந்தாலும் இந்த நடைமுறையில் புள்ளி வர வாய்ப்புண்டு. ஆகவே யாரையும் திட்டுவதற்கு முன் பிளீச்சிங் பவுடரை நிறுத்துங்கள். இன்னொன்று, இது உயிர் விஷயம்: பிளீச்சிங் பவுடர் ஊற வைத்த பாத்திரத்தில் வினிகரோ எலுமிச்சை உப்போ மிச்சக் கொம்புச்சாவோ ஊற்றாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். சின்ன சமையலறையில், முகத்தைக் குனிந்து வைத்துக்கொண்டு தேய்க்கும்போது அது மார்பைப் பிடிக்கும்.

தண்ணீருக்கு வருகிறேன், ஏனென்றால் வேலூர்க்காரர்களுக்கான பதில் இங்கேதான் வெளியூர் பதிலிலிருந்து பிரிகிறது. பாலாற்றில் தண்ணீர் ஓடுவதே அபூர்வம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வரிசையில் தோல் பதனிடும் தொழில். உப்புப் போட்டுப் பாதுகாத்த தோலைக் கழுவும்போது வெளியேறும் உப்பு நிலத்தடி நீரில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதற்கு, 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கே சாட்சி. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது; வேறு வழி இல்லாத இடத்தில் 1000 வரை அனுமதி. எவர்சில்வர்த் தொழிலில் நாங்கள் வைத்துக்கொள்ளும் கணக்கு வேறு: சாதாரண வெப்பத்தில், தேங்காமல் ஓடும் தண்ணீர் என்றால் 304க்கு 200 மில்லிகிராம் சுமார், அதைவிட உயர்ந்த கிரேடான 316க்கு 1000 சுமார். தேங்கி நின்றால், சூடானால், அமிலம் சேர்ந்தால் இந்த எண்கள் இன்னும் கீழே இறங்கும். ஆக, மனிதர் குடிக்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட தண்ணீரே 304 தகட்டுக்கு அதிகமாக இருக்கலாம். சித்திரை வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும்போது மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் எவ்வளவு சூடாக வருகிறது என்பது உங்களுக்கே தெரியும்.

உங்கள் போர் தண்ணீரில் குளோரைடு எவ்வளவு என்று குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம். கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் கையடக்க டிடிஎஸ் மீட்டர் குளோரைடைத் தனியாகக் காட்டாது; ஆனால் அது ஆயிரத்துக்கு மேல் காட்டினால் அந்தத் தண்ணீரை டிரம்மில் தேக்கி வைக்காமல் இருப்பதே நல்லது. கழுவ போர் தண்ணீர் பரவாயில்லை, கடைசி அலசலுக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ வையுங்கள். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுக் குழாய்த் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்துப் பாத்திரம் கழுவும் சிக்கனம் நம் வீடுகளில் இருக்கிறது. தரை துடைக்க அது சரி. இந்த டிரம்முக்கு மட்டும் கூடாது, போர் தண்ணீரில் இருந்த உப்பெல்லாம் அதில்தான் திரண்டு நிற்கிறது.

புள்ளிகள் வெறும் கறையா, குழியா என்று நீங்களே பார்த்துவிடலாம். எலுமிச்சை உப்பை, அதாவது கடையில் பொட்டலமாகக் கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தை, கொஞ்சம் தண்ணீரில் குழைத்துப் புள்ளி மேல் அப்பி, ஈரம் காயாமல் அரை மணி நேரம் விட்டு, துணியால் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், விரல் நகத்தை மெல்ல ஓட்டுங்கள். புள்ளி போய், நகம் வழுக்கிக்கொண்டு போனால் அது மேலே ஒட்டிய இரும்புத் துகளின் துரு. பழுப்பு போன இடத்தில் கறுப்பாக ஊசித்துளை தெரிந்தால், நகம் தட்டினால், குழி விழுந்துவிட்டது. ஒன்றிரண்டு ஆழமில்லாத குழி இருந்தாலும் டிரம் உடனே ஓட்டையாகிவிடாது. ஆனால் குழிக்குள் புளிப்புப் பாசி தங்கும், எவ்வளவு கழுவினாலும் போகாது. நிறையக் குழிகள் இருந்தால் அதை அரிசி கொட்டி வைக்கப் பயன்படுத்துங்கள். ஒழுகுமா என்ற சந்தேகம் இருந்தால், தண்ணீர் நிரப்பி நாளிதழ் மேல் ஒரு ராத்திரி வைத்தால் தெரிந்துவிடும்.

இரும்புத் துகள் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். ஒன்று, பாத்திரம் தேய்க்கும் கம்பி நார். இரும்பு நார் என்றால் சொல்லவே வேண்டாம். 'ஸ்டீல் ஸ்கிரப்பர்' என்று விற்பதும் பெரும்பாலும் நிக்கல் இல்லாத மலிவு ரகம், அதன் துணுக்கு தகட்டில் ஒட்டி நின்று தானும் துருப்பிடிக்கும். இன்னொன்று, பட்டறை. ராணிப்பேட்டை சிப்காட்டில் பெல் தொழிற்சாலைக்கு வேலை செய்து பழகிய கைதேர்ந்த வெல்டர்கள் உண்டு. ஆனால் ஒரே மேசையில் காலையில் இரும்பு ஆங்கிள் அறுத்து, மதியம் அதே டிஸ்க்கால் எவர்சில்வரைத் தேய்த்தால் இரும்புத் தூள் தகட்டில் பதிந்துவிடும். வேலை கொடுக்கும்போதே "புது டிஸ்க் போட்டுத் தேயுங்கள், இரும்புக்குப் போட்ட பிரஷ் வேண்டாம்" என்று சொல்லிவிட வேண்டும். வீட்டில் தேய்க்கத் தேங்காய் நாருக்கு மிஞ்சியது எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை.

குழாயைச் சுற்றிய பழுப்பு வளையத்துக்குக் காரணம் வேறு. ஆர்கான் வெல்டிங் செய்யும்போது வெளிப்பக்கத்துக்கு வாயு மூட்டம் கிடைக்கும். உள்பக்கத்துக்கும் தனியாக ஆர்கான் விட்டால்தான் உள்ளே கருகாது. அந்தச் செலவை மிச்சம் பிடிக்கிறவர்கள் அதிகம். கருகி வானவில் நிறமாகவும் கறுப்பாகவும் தெரியும் பட்டைக்குக் கீழே குரோமியம் குறைந்துபோன ஒரு மெல்லிய அடுக்கு இருக்கும், துரு அங்கிருந்துதான் கிளம்பும். பட்டறையில் இதற்குப் பிக்ளிங் பேஸ்ட் தடவுவார்கள். அதில் நைட்ரிக் அமிலத்தோடு ஹைட்ரோஃபுளூரிக் அமிலமும் உண்டு. தோலில் பட்டால் முதலில் எரிச்சல்கூடத் தெரியாமல் எலும்புவரை போகும் சரக்கு அது. வீட்டுக்கு வாங்கி வரவே வராதீர்கள். டிரம்மைப் பட்டறைக்கே எடுத்துப் போய், கருகலை நைசாகத் தேய்த்து, பஃப் அடித்து, பேஸ்ட் போடுவதானால் அவர்களையே போடச் சொல்லி, நன்றாக அலசி வாங்குங்கள்.

காந்தக் கதைக்கு வருவோம். காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்ல எவர்சில்வர், ஒட்டினால் போலி என்று வேலூர் லாங் பஜாரில் வாங்குகிறவரும் நம்புகிறார், விற்கிறவரும் சொல்கிறார். இது பாதிகூட உண்மை இல்லை. 304லும் காந்தம் ஒட்டாது, மலிவான கிரேடுகளான 202லும் ஜே4லும் ஒட்டாது. நல்ல 304 தகட்டை மடக்கி, அடித்து, விளிம்பு திருப்பினால் அந்த இடத்தில் மட்டும் லேசாக ஒட்டும். உங்கள் விளிம்பில் ஒட்டுவது அதனாலாக இருக்கலாம். அதை வைத்து ஏமாற்று என்று சொல்ல முடியாது. 304இல் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம் சுமார். 202இல் நிக்கல் 4 முதல் 6. ஜே4இல் அது 1 சதவீத அளவுதான், குறைவை மாங்கனீஸ் போட்டு ஈடுகட்டியிருப்பார்கள். சாப்பாட்டுத் தட்டுக்கு இதெல்லாம் தாராளமாகப் போதும். வாரக்கணக்கில் அமிலம் நிற்கும் பாத்திரத்துக்குப் போதாது. உறுதியாகத் தெரிந்துகொள்ள இரண்டு வழி: பழைய இரும்புக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் சோதனைத் திரவத்தில் ஒரு சொட்டு விட்டு, 9 வோல்ட் பேட்டரி வைத்துச் சோதித்தால் மாங்கனீஸ் ரகத்தில் சிவக்கும், 304இல் சிவக்காது. இரண்டாவது, துப்பாக்கி போன்ற எக்ஸ்ரே கருவி. பெரிய பட்டறைகளிலும் பெரிய ஸ்கிராப் வியாபாரிகளிடமும் உண்டு, சில நொடியில் நிக்கல் எத்தனை, குரோமியம் எத்தனை என்று திரையில் காட்டிவிடும்.

குரோமியப் பயத்துக்கு நேரான பதில்: ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலில் நாம் அஞ்சுவது ஆறு இணைதிறன் குரோமியத்தை. தண்ணீரில் கரையும், புற்றுநோய் உண்டாக்கும். பாத்திரத்தில் இருப்பது உலோகமாக இரும்போடு கலந்த குரோமியம். அமிலப் பானத்தில் துளியளவு கரைந்தாலும் வருவது மூன்று இணைதிறன் வகை, விஷத்தன்மையில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நிக்கலும் கொஞ்சம் கரையும், புதுப் பாத்திரத்தில் முதல் சில முறை கூடுதலாக, பிறகு குறைந்துவிடும். ஆகவே புது டிரம்மில் முதல் ஒன்றிரண்டு தடவை போட்டதைக் குடிக்காமல் கொட்டிவிடலாம். கவரிங் நகை போட்டால் அரிக்கும் என்கிறவர்கள், அதாவது நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள், கொம்புச்சாவைக் கண்ணாடி ஜாடியிலேயே போடுவது மேல். அவர்களுக்கு எவ்வளவு வரை தாங்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும், அதைத் தோல் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

வெளிநாட்டுப் பீர்க்காரர்களின் பராமரிப்பு முறையில் நமக்கு உதவுவது நிறையவே இருக்கிறது. அவர்கள் விலை கொடுத்து வாங்கும் கழுவு பொடிகள் பெரும்பாலும் காரமும் ஆக்சிஜன் விடும் உப்பும்தான். அந்த இடத்தில் நமக்குச் சலவை சோடா போதும். பால் ஆலையிலும் இதே வரிசைதான்: முதலில் காரம், அது கொழுப்பையும் புரதத்தையும் கரைக்கும்; அப்புறம் அமிலம், அது சுண்ணாம்புப் படிவைக் கரைக்கும். வரிசையை மாற்றினால் இரண்டுமே அரைகுறையாகும். ஆலையில் காஸ்டிக் சோடாவும் நைட்ரிக் அமிலமும் ஓடும், வீட்டுக்கு அது வேண்டாம். டிரம் காலியானவுடன், காய விடாமல் அலசுங்கள். லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா போட்ட, கை பொறுக்காத சூட்டுத் தண்ணீரை அரை மணி நேரம் விட்டால் தேயிலைக் கறை உரிந்து வரும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நன்றாக அலசியபின், காவிரித் தண்ணீரிலோ ஆர்.ஓ. தண்ணீரிலோ லிட்டருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பு கரைத்து, வெதுவெதுப்பாக 20 நிமிடம் உள்பக்கம் முழுதும் படும்படி வையுங்கள். சுண்ணாம்பும் போகும், ஒட்டிய இரும்பும் கரையும், படலம் மறுபடி நன்றாகப் பிடிக்கும். தொழிற்சாலைத் தரநிலையிலும் சிட்ரிக் அமிலம் 4 முதல் 10 சதவீதம், 21 முதல் 49 டிகிரி, 20 நிமிடம் என்று ஒரு முறை இருக்கிறது, நான் சொன்னது அதன் வீட்டு வடிவம். இந்த எலுமிச்சை உப்புக் குளியல் ஒவ்வொரு முறையும் தேவையில்லை. புது டிரம்முக்கு ஒரு தடவை, பிறகு வெள்ளைப் படிவு தெரியும்போது.

கிருமி நீக்கத்துக்குப் பிளீச்சிங் பவுடருக்குப் பதில், கொதிக்கும் தண்ணீரை ஊற்றிச் சுழற்றி, மூடி வைத்து, பத்து நிமிடம் கழித்துக் கொட்டுங்கள். எவர்சில்வர் பாத்திரத்தின் பெரிய வசதியே இதுதான், பிளாஸ்டிக்கில் முடியாது. அப்புறம் இரண்டு மரச்சட்டம் மேல் கவிழ்த்து, அடியில் காற்றுப் போகும்படி காய விடுங்கள். ஈரத்தோடு மூடி போட்டு வைக்காதீர்கள்.

பீர்க்காரர்கள் சொல்வதில் நம் ஆட்கள் கவனிக்காமல் விடுவது குழாயைக் கழற்றுவதுதான். பந்து வால்வு உள்ள குழாயை மூடும்போது, பந்துக்கும் கூட்டுக்கும் இடையே கொஞ்சம் பானம் சிறைப்பட்டுவிடும். மேலே டிரம்மைக் கண்ணாடி மாதிரி வைத்திருப்பார்கள். குழாயைப் பிரித்தால் உள்ளே நுங்கு போல வழவழவென்று ஒரு படலம், வாஷருக்கு அடியில் கறுப்பாக ஒரு வளையம். நீங்கள் போடும் ஒவ்வொரு புதுப் பானமும் அதைத் தாண்டித்தான் டம்ளருக்கு வருகிறது. ஒவ்வொரு முறையும் முழுசாகப் பிரித்துக் கழுவ முடிகிற குழாயாக வாங்குங்கள். மரையில் சுற்றும் வெள்ளை டேப்பையும் புதிதாகச் சுற்றுங்கள். பால் ஆலையில் எஸ்.எம்.எஸ். யூனியன் என்ற குழாய் இணைப்பைப் போட்டுக் கையால் கழற்றி மாட்டுவது இந்தக் காரணத்துக்காகத்தான்.

அவர்கள் சொல்வதில் நாம் எடுக்கக்கூடாதது பீரைத்தான். உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி இங்கே குற்றம், வீட்டுக்குள் சொந்த உபயோகம் என்றாலும் தப்பாது.  கொம்புச்சாவிலும் சர்க்கரை அதிகமாகி, காற்றுப் போகாமல் மூடி வைத்தால் சாராயச் சத்து ஏறும். வாயைத் துணி கட்டி வையுங்கள்; இறுக்கி மூடினால் வாயு சேர்ந்து அழுத்தம் ஏறும், உங்கள் டிரம் அழுத்தம் தாங்கச் செய்ததும் இல்லை.

இதே டிரம்மில் எலுமிச்சை ஊறுகாய் போடலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். வேண்டாம். உப்பும் புளிப்பும் மாதக்கணக்கில் சேர்ந்து நிற்கும் பண்டத்துக்குப் பீங்கான் ஜாடிதான். இட்லி மாவுக்கு எவர்சில்வர் தாராளம், ஒரு ராத்திரி வேலை, உப்பும் சொற்பம்.

கடைசியாக, பட்டறையிடம் என்ன கேட்பது? மேலே சொன்ன எக்ஸ்ரே சோதனை எடுத்து, நிக்கல் 8க்குப் பக்கத்தில் வந்தால் தகட்டில் குறை இல்லை. உள்பக்க வெல்டிங்கை மட்டும் சரிசெய்து கேளுங்கள். நிக்கல் 1, 2 என்று வந்தால், '304' என்று பில்லில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தால் திருப்பிக் கொடுக்க அது போதும். வாய்ப்பேச்சுதான் என்றால் நியாயம் கேட்கக் கையில் ஒன்றும் இருக்காது. அடுத்த டிரம்முக்கு முன்பணம் கொடுக்கும்போதே தகட்டின் கிரேடு, கனம், குழாயின் உலோகம் மூன்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். நாள் முழுக்கப் போர் தண்ணீர்தான் கதி என்றால் அந்த ரசீதில் 316 என்று இருக்கட்டும். விலை கூடும், ஆனால் அதில் 2, 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது, குளோரைடுக்கு எதிராக நிற்பது அதுதான்.